உபயத்தன்று சொன்ன பெயர்

ஃபேக்டரி பஸ்ஸில் யாராவது "அண்ணே, இங்க நிப்பாட்டுங்க" என்றால் காளிதாஸ் முதல் தடவை கவனிக்க மாட்டார். இரண்டாம் தடவை கூப்பிட்டால்தான் பிரேக்கில் கால் போகும். மலேசியாவில், பத்து பகாட் ஊரில் சட்டை தைக்கும் ஃபேக்டரிக்குப் போய்வந்த அத்தனை வருடமும் ஓட்டுநருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து இதைப் பார்த்திருக்கிறேன். "அலமாக், இந்த மனுசனுக்குக் காது டமாரம்" என்று என்னோடு தைக்கும் கருப்பாயி அக்கா திட்டுவார். காது நன்றாகத்தான் இருந்தது. "டிரைவர்" என்றால் உடனே திரும்புவார்.

அவரையே கல்யாணம் செய்துகொண்டேன். நான் ஃபார்ம் டூவோடு, பதினாலு வயதில், பள்ளிக்கூடத்தை விட்டவள்; ஆட்கள் முன்னால் எனக்குப் பேச்சு வராது. எனக்கும் சேர்த்து அவர் பேசினார். கிளினிக்கில், சந்தையில் எல்லாம் அவர்தான். கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் சொல்வதும் அவர்தான். வீட்டில் நான் "என்னங்க" என்று கூப்பிடுவேன். கணவர் பெயரை வாய்விட்டுச் சொல்வது எங்கள் பக்கம் வழக்கமில்லை. எனக்கு அது வசதியாகவும் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பயத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். எதிரே வந்து உட்கார்ந்து சொன்னார்.

"பிரேமலா, நான் உள்ளுக்குள்ள ஆம்பளையா இருந்ததே இல்ல. இருந்து பார்த்தேன். முடியல."

கத்தியைக் கீழே வைத்தேன். "அப்ப நான் யாரு?"

"நீ பிரேமலாதான். நீ கூட இருக்கணும்னுதான் எனக்கு ஆசை. ஆனா கட்டாயப்படுத்த மாட்டேன்."

அதன் பிறகு ஜோகூர் பாருவில் ஒரு டாக்டர், மாத்திரைகள், தோளைத் தொடும் முடி. மீசையை எடுத்த அன்று பாத்ரூமுக்கு வெளியே நின்று அழுதேன். அந்த மீசை எனக்குப் பிடிக்கும். கொஞ்ச நாளில் தனக்கு ஒரு பெயரும் வைத்துக்கொண்டாள். லோஷினி.

"அது பாலர் பள்ளிப் புள்ளைங்க பேரு லா," என்றேன்.

"அந்த வயசுல யாரும் எனக்கு வைக்கலியே," என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வாய் வரவில்லை. "என்னங்க" என்றும் சொல்ல முடியவில்லை. மாதக்கணக்கில் "கேளுங்க", "சாப்பிடுங்க" என்றே ஓட்டினேன். இன்னொன்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பெல்லாம் தட்டைப் பார்த்தே சாப்பிட்டு எழுந்து போன ஆள், இப்போது கை காயும்வரை உட்கார்ந்து என்னோடு கதை பேசினாள். ஃபேக்டரியிலிருந்து எப்போது வீட்டுக்கு வருவோம் என்று எனக்கு இருந்தது. அப்படி இருப்பதே பயமாகவும் இருந்தது.

சிகாமட்டிலிருந்து அக்கா ஷாமளா விடாமல் போன் செய்தாள். "ரூம் காலி பண்ணி வச்சிருக்கோம், வந்துடுடி. இதுக்குப் பேரு குடும்பமா?"

லோஷினிக்கு அது தெரியும். "ஆடி உபயம் முடியட்டும்," என்றாள். "அப்புறம் இருக்கியா போறியான்னு ஒரு வார்த்தை சொல்லு. போறதா இருந்தா நானே சிகாமட்ல கொண்டுபோய் விடுறேன். பஸ்ஸுல நீ ஏறினா எறங்குற எடத்தச் சொல்லவே வெக்கப்படுவ."

மாரியம்மன் கோயில் ஆடித் திருவிழாவில் ஒரு வெள்ளிக்கிழமைக் காலைப் பூசை எங்கள் உபயம். பூசையை ஏற்றுச் செய்யும் குடும்பம் சன்னதிக்கு முன்னால் நிற்கும். குருக்கள் அவர்கள் பெயர் சொல்லிப் பூசை செய்வார். முடிவில் வீட்டு ஆண்பிள்ளை தலையில் பரிவட்டத் துணி கட்டி மரியாதை செய்வார்கள். அதற்கு முந்தின வருடமே "எப்பவும் போல" என்று கோயிலில் சொல்லி வைத்திருந்தோம். பெயரை மாற்றிச் சொல்ல வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. திருவிழா நோட்டீஸ் வந்தபோது 'திரு. காளிதாஸ் குடும்பத்தினர்' என்று அச்சாகியிருந்தது.

அடுத்த நாள் கோயில் தலைவர் மணியம் போன் செய்தார்.

"காளிதாஸ் வருவாருல்லம்மா?"

"வருவாங்கண்ணே."

"எப்படி வருவாரு?"

"கார்லதான்."

அவர் இருமினார். "அதைக் கேக்கல. பரிவட்டம் ஆம்பளைக்குத்தான் கட்டணும். யாருக்குக் கட்டறது? பேசாம இந்த வருசம் விட்டுடுங்களேன்."

லோஷினியிடம் சொன்னேன். "நான் வெளிய கார்லயே இருந்துக்குறேன். நீ மட்டும் உள்ள போ," என்றாள்.

எனக்கு வந்த கோபம் எனக்கே புதிது. "நான் தனியா நிக்கிறதுக்குப் பேரு உபயமா? பொடவைய எடுங்க, ஃபால்ஸ் தைக்கணும்," என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை விடியும் முன்பே இரண்டு பேரும் குளித்துவிட்டோம். மாம்பழ மஞ்சள் புடவை, அரக்குக் கரை. கொசுவத்தை நான்தான் மடித்துச் செருகினேன். "எனக்கு எதுக்கு வேர்க்குது? பொண்ணு பார்க்க வர்றது உங்களத்தானே," என்றேன். "ஆடியில எவன் வருவான்," என்றாள். பிறகு "நல்லா இருக்கா?" என்று கேட்டுவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணாடி பக்கத்திலேயே இருந்தது. அதைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள். ஊரில் யார் என்ன சொன்னாலும் அவளுக்கு வேண்டியது என் பதில்தான் என்று அப்போது புரிந்தது. "ரொம்ப நல்லா இருக்கு," என்றேன்.

கோயிலில் மேளம் காதைப் பிளந்தது. நாங்கள் நுழைந்ததும் வரிசையாகத் தலைகள் திரும்பின. கருப்பாயி அக்கா லோஷினியை மேலும் கீழும் பார்த்தார்.

"கொசுவம் யாருடி வச்சது, நீயா? பரவால்ல. ஆனா இவ்ளோ உயரமா முன்னால நின்னா பின்னால உள்ளவங்களுக்கு சாமி தெரியாது."

லோஷினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

மேளம் நின்றது. குருக்கள் தட்டில் பூ எடுத்துக்கொண்டே, "உபயக்காரங்க பேரு, நட்சத்திரம் சொல்லுங்க," என்றார்.

எப்போதும் சொல்கிறவள் வாயைத் திறந்து மூடிக்கொண்டாள். மாத்திரை எல்லாவற்றையும் மாற்றியது. அந்தக் கனத்த குரலை மட்டும் மாற்றவில்லை. வெளியே போனால் அவள் பேசுவதே இல்லை. என்னைப் பார்த்தாள். பின்னாலிருந்து மணியம், "காளிதாஸ்னு போட்டு..." என்று ஆரம்பித்தார்.

"லோஷினி," என்றேன். "கேட்டை நட்சத்திரம்."

மண்டபத்தில் கடைசி ஆளுக்கும் கேட்டிருக்கும். என் குரல் இவ்வளவு பெரியது என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

"பிரேமலா. அஸ்தம்."

குருக்கள் தலை நிமிரவில்லை. எல்லோரிடமும் கேட்பதைத்தான் கேட்டார். "தனித்தனியாவா, ஒரே குடும்பமா?"

"ஒரே குடும்பம் சாமி."

பக்கத்தில் லோஷினியின் வளையல்கள் குலுங்கின. திரும்பிப் பார்த்தேன். கைகளைக் கூப்பி, கண்களை மூடி அழுதுகொண்டிருந்தாள். கேட்டிருந்த ஒரு வார்த்தை அவளுக்குக் கிடைத்துவிட்டது. எனக்கோ ஓடிவந்தவள் போல மூச்சு வாங்கியது. அழுகை வரவில்லை. இன்னும் ஏதாவது கேளுங்கள், சொல்கிறேன் என்பதுபோல் இருந்தது.

தீபாராதனை முடிந்தது. பரிவட்டத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு குருக்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆம்பளைக்குத்தான் கட்டணும்," என்றார் மணியம் மறுபடியும்.

"அப்ப நீங்கதான் நிக்கிறீங்களே தலைவரே, தலையக் குடுங்க," என்றார் கருப்பாயி அக்கா.

பெண்கள் வரிசை முழுவதும் சிரித்தது. குருக்களும் சிரித்துக்கொண்டே மணியத்தின் தலையில் கட்டிவிட்டார். எங்கள் இருவர் கழுத்திலும் ஆளுக்கொரு மாலை விழுந்தது.

இது நடந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. அதே வாடகை வீட்டில்தான் இருக்கிறோம். ஃபேக்டரி பஸ் வேலை போய்விட்டது. லோஷினி இப்போது பார்சல் வேன் ஓட்டுகிறாள். நான் இன்னும் காலர் தைக்கிறேன். படுப்பது தனித்தனி அறையில். அது மாறுமா என்று இரண்டு பேருக்கும் தெரியாது. ஷாமளா போன் செய்கிறாள், லோஷினியைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. அடுத்த மாதம் உபயம். இந்த வருட நோட்டீஸில் எங்கள் இரண்டு பெயரும் இருக்கின்றன.