பெயருக்கு இருபது இடம்

போன வெள்ளிக்கிழமை பின்னேரம். உரும்பிராயில் எங்கள் கோயில் ஐயர் ஒரு தாளை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“அண்ணை, ஆர் இந்தப் பரமேஸ்? பக்கத்திலை வெறும் கட்டம் ஒண்டும் கிடக்கு.”

பரமேஸ்வரி. என் அக்கா. ரொறன்ரோவில் இன்னும் ஒரு மணித்தியாலத்தில் அவருக்கு இதய ஆபரேஷன். “என்னை உள்ளுக்குக் கொண்டுபோகேக்கை அங்கை என்ரை பேரிலை அர்ச்சனை நடக்கோணும்” என்று சொல்லியிருந்தார்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் பெயரும் நட்சத்திரமும் வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். நான் பட்டியல் எழுதி ஐயரிடம் கொடுப்பேன். இந்த முறை சும்மா இருக்க முடியாமல் பட்டியலைத் தானாக அடுக்க கம்ப்யூட்டரில் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினேன். பெயருக்கு இருபது இடம், பிறகு ராசி, நட்சத்திரம்... மிஞ்சினால் வெட்டு. சோதித்தும் பார்த்தேன். நூல் பிடித்த மாதிரி வரிசை!

எதை வைத்துச் சோதித்தேன்? ஆங்கிலப் பெயர்களை வைத்து.

ஸ்கிரிப்டில் இடத்தை அளக்கும் கட்டளை எண்ணுவது எழுத்தை அல்ல, கம்ப்யூட்டர் எழுத்தைச் சேமிக்கும் பைட்டை. ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட்; தமிழில் மூன்று. கொம்புக்கும் புள்ளிக்கும் தனித்தனியாக இன்னும் மூன்று. அக்காவின் பெயர் பாதியிலேயே நின்றுபோனது; அறுபட்ட அடுத்த எழுத்துத்தான் அந்த வெறும் கட்டம்.

அக்காவின் பெயரை வாயால் சொல்லிவிடலாம். மற்ற அறுபது பேர்? அவர்களும் யாரோ ஒருவருக்கு அக்காதானே?

“அகலத்தைக் கூட்டிப் பாக்கிறன் ஐயா” என்றேன். கூட்டினால் நட்சத்திரம் தாளை விட்டே போய்விடும் என்பது எனக்கே தெரியும்.

“ஏன் பேரை முதல் போட்டனீங்கள்? நான் நட்சத்திரம், ராசி சொல்லிப்போட்டுக் கடைசியாத்தானே பேர் சொல்லுறன்.”

முப்பது வருடம் அரசாங்கக் கந்தோரில் படிவம் நிரப்பிய புத்தி — பெயர்தான் முதலில் வரும். ஆனால் கடைசியில் நிற்பதற்கு அகலம் எதற்கு? எவ்வளவு நீளமென்றாலும் நீளட்டுமே!

பின்வீதியில்தான் வீடு. ஓடினேன். வரிசையை மாற்றி, வெட்டுகிற வேலையை எடுத்துவிட்டு அச்சடித்தேன். பட்டியல் வளைந்து நெளிந்துதான் வந்தது. ஒரு பெயரும் அறுபடவில்லை. அதை எடுத்துக்கொண்டு நேரத்துக்கே கோயிலுக்குத் திரும்பிவிட்டேன்.

ஐயர் பரமேஸ்வரி என்று முழுதாகச் சொன்னபோது கண் கலங்கிவிட்டது.

மறுநாள் போனில் அக்காவின் குரல், மெலிதாக: “முழுப்பேரும் சொன்னவரோ?”

“ஓம் அக்கா.”

அப்பாடா... அக்காவைக் காப்பாற்றியது டாக்டர்மார். என்னைக் காப்பாற்றியது ஐயர்.