குஞ்சு லாரி கொதித்த கதை

லாரிகள் நிற்கும் இடத்தில் குஞ்சுக்காரர் என்றால் தெரியாதவர் கிடையாது. பொரித்த அன்றே கோழிக்குஞ்சுகளைத் தன் இருபத்திரண்டு வருட டீசல் லாரியில் மலைமேல் பண்ணைக்கு ஏற்றிப் போகிறவர். ஆள் தங்கம்தான், வாய்தான் கொஞ்சம் நீளம். யார் வண்டி இருமினாலும் வைத்தியம் சொல்லாமல் அவரால் நகர முடியாது.

பக்கத்து சீட்டில் மனைவி வருவாள். பெட்டிகளை அடுக்குவது, இறக்குவது, குஞ்சுகள் நன்றாயிருக்கின்றனவா என்று பார்ப்பது அவள் பொறுப்பு. எண்ணி ஏற்றவே பதினொரு மணி ஆகிவிடும் என்பதால் மலையேற்றம் எப்போதும் உச்சி வெயிலில்தான். வண்டி ஓடினால் பெட்டிகளுக்குள் காற்றுப் போகும், நின்றால் போகாது. அவ்வளவுதான் விஷயம்.

அந்தக் கோடையில் லாரி மேட்டில் கொதிக்க ஆரம்பித்தது. சூடு காட்டும் முள் சிவப்பைத் தொடும்போதெல்லாம் கேபின் ஹீட்டரை முழுசாகத் திறந்து, எஞ்சின் சூட்டைத் தங்கள்மேல் வாங்கிக்கொண்டு இருவரும் ஏறினார்கள். கத்திரி வெயிலில் ஹீட்டர் போட்டுக்கொண்டு போன தம்பதி வேறு எங்காவது உண்டா என்ன! அதற்கும் அடங்காமல் போன வாரம் பாதி மலையில் ஆவி பீறிட்டது. முக்கால் மணி நேரம் நின்றார்கள். மூன்று பெட்டிக் குஞ்சுகள் போய்விட்டன. இன்னொரு தடவை வழியில் நின்றால் வேலை புது வண்டிக்குப் போய்விடும் என்று குஞ்சு பொரிப்பக மேனேஜரம்மா அமைதியாகச் சொல்லிவிட்டார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மெக்கானிக் வேறு யாருமில்லை, மனைவியின் தம்பி. மூன்று நாள் வண்டியை விடாமல் பார்த்தான். ரேடியேட்டர் இடுக்கில் அப்பியிருந்த தூசியையும் பூச்சியையும் பின்பக்கமிருந்து தண்ணீர் அடித்து வெளியே தள்ளினான். ஃபேன் பெல்ட், தண்ணீர் பம்ப், ரேடியேட்டர் மூடி எல்லாம் மாற்றினான். எஞ்சின் தண்ணீருக்குக் கதவு மாதிரி இருக்கும் தெர்மோஸ்டாட்டை மட்டும் திறந்து பார்க்கவில்லை, அது போன வருடம் அவனே புதிதாகப் போட்டது. இனி பார்க்க ஒன்றும் பாக்கியில்லை என்று அவன் தலையில் கைவைத்து உட்கார்ந்தபோது, குஞ்சுக்காரர் டயரைத் தட்டிப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஏனென்றால் மழைக்காலத்தில் அவரே, மச்சானுக்குத் தெரியாமல், அந்தத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசியிருந்தார். தண்ணீர் போகிற வழியில் கதவு எதற்கு, கதவில்லாவிட்டால் ஓட்டம் தாராளமாக இருக்கும், எஞ்சினும் குளிரும் என்பது அவர் கட்சி. மழைக் குளிரில் மேட்டிலும் முள் ஏறவில்லை. மனுஷன் விடுவாரா? பார்த்தவர்களிடமெல்லாம் அதையே ஓதினார். நம்பிக் கழற்றியவர்களும் உண்டு. இப்போது எந்த முகத்தை வைத்துக்கொண்டு வாயைத் திறப்பது?

மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னமோ மென்னு முழுங்குறீங்க. எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க. செத்த குஞ்சையெல்லாம் எண்ணுனது நான்தான்."

அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை.

"தெர்மோஸ்டாட் உள்ள இல்ல மாப்ள. நான்தான் எடுத்துட்டேன்."

மச்சானுக்கு வந்த கோபத்தில் பேச்சு நிற்கவில்லை. வண்டியை அக்கு அக்காகப் பிரித்ததை மூன்று நாள் பக்கத்திலேயே நின்று வேடிக்கை பார்த்தீர்களே என்று பொரிந்து தள்ளினான். பிறகுதான் விளக்கினான்: சூடேறினால் அந்தக் கதவு ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறக்கும், பக்கத்துச் சின்னக் குழாயை அடைக்கும். கதவே இல்லையென்றால் தண்ணீரில் ஒரு பங்கு அந்தக் குழாயின் குறுக்கு வழியில் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும், ரேடியேட்டர் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. குளிரில் சமாளிக்கும், வெயிலில் மேடு ஏறினால் மாட்டிக்கொள்ளும். சொல்லிக்கொண்டே புதிதாக ஒன்றைப் பொருத்தியும் முடித்தான்.

மறுநாள் ஹீட்டரை மூடிவைத்தே ஏறினார்கள். வழக்கமாகக் கொதிக்கும் வளைவில் முள் பாதியைத் தாண்டிக் கொஞ்சம் போனது, அங்கேயே நின்றது. மேலே இறக்கியபோது எல்லாப் பெட்டியிலும் ஒரே கீச்சுக்கீச்சு. ஒன்றுகூடச் சாகவில்லை. மனைவி பெட்டிமேல் கைவைத்தபடி அழுதுவிட்டாள். நாளைக்கும் வந்துவிடுங்கள் என்று மேனேஜரம்மா போனில் சொன்னதும் குஞ்சுக்காரருக்கும் கண் கலங்கியது.

திரும்பி இறங்கும்போது ஒரு வளைவில் வெங்காய லாரி ஆவி கக்கிக்கொண்டு நின்றது. அதன் டிரைவர் துணியைச் சுற்றிக் கொதிக்கும் ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனார். குஞ்சுக்காரர் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நல்ல வேளை வந்தீங்கண்ணே. நீங்க சொன்னபடி தெர்மோஸ்டாட்ட கழட்டிட்டேன், அப்புறமும் ஏண்ணே கொதிக்குது?"

ரேடியேட்டரில் தூசி இருக்கும் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"நான் சொன்னது தப்பு தம்பி. திருப்பிப் போட்டுரு. என் பேச்சக் கேட்டு வேற யார் யாரு கழட்டினாங்க?"

நாலைந்து பேர் இருக்கும் என்பது அவர் நினைப்பு. வெங்காய லாரிக்காரர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். ஒரு கை முடிந்தது, இன்னொரு கை முடிந்தது, மறுபடியும் முதல் கைக்கு வந்து பதினான்கில் நின்றது.

மனைவி போனை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். முதல் ஆளின் பெயரையும் அவளே தேடி வைத்திருந்தாள்.