மிளகாய் நெடி

அடையாறில் என் ஓரகத்தி வாங்கிய ஃபிளாட்டுக்குக் கிரகப்பிரவேசம். அன்று காலை கண்ணாடி பார்த்தால் என் வலது கண்ணின் வெள்ளையில் பாதி ரத்தச் சிவப்பு. வலி இல்லை. தெருமுனை டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "சின்ன ரத்தக்குழாய் வெடிச்சிருக்கும்மா, தானா கரைஞ்சிடும்" என்றார். அவளுடைய பால்கனியை நினைத்து நினைத்தே வெடித்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. எங்கள் மயிலாப்பூர் வாடகை வீட்டில் ஒரு துண்டு காயப்போடக்கூட மொட்டை மாடிக்கு ஏற வேண்டும்.

கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு போனேன். மெட்ராஸ் ஐ என்று நினைத்து உறவுக்காரர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். ஓரகத்தி மட்டும் கிட்டே வந்து கண்ணாடியைக் கழற்றிப் பார்த்துப் பதறினாள்.

"ஐயோ அக்கா, யாரு கண்ணு பட்டுச்சோ!"

பட்டுப்புடவை சரசரக்க உப்பும் மிளகாயும் எடுத்துவந்து எனக்குச் சுற்றினாள். நியாயமாக அவள் வீட்டுக்குத்தான் சுற்றியிருக்க வேண்டும். காலையிலிருந்து அதன்மேல் இருந்தது என் கண்தான்.

"கண்ணு பட்டிருந்தா மிளகா நெடியே வராது, பாரு" என்றார் மாமியார்.

புது அடுப்பில் வாணலியை வைத்து மிளகாயைப் போட்டாள். மேலே சிம்னி வேறு, சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதையும் மீறி நெடி கிளம்பி, கூடத்தில் இருந்த அத்தனை பேரும் இருமினார்கள்.

"அப்பாடா, யாரு கண்ணும் படலக்கா!" என்று ஓரகத்தி மனசாரச் சிரித்தாள்.

எப்படிப் படும்? கண் வைக்க என்னிடம் என்ன இருக்கிறது?