எலியாஸின் கல்லறையில் கல் இருந்ததா?

முப்பது வருடம் கல்லூரியில் சமூகவியல் நடத்தினேன். சமயம் என் துறை, அதிலும் கொச்சி யூதர்களின் வாழ்க்கை. "நம்ம சாமியெல்லாம் பத்தாதா உனக்கு?" என்று அம்மா கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். அந்த ஆராய்ச்சி எனக்கு முனைவர் பட்டமும் பதவி உயர்வும் வாங்கிக் கொடுத்தது. பதிலுக்கு என்னிடம் ஏதாவது கேட்டவர் ரேச்சல் அம்மா ஒருவர்தான்.

கொச்சியில் நான் முதன்முதலில் கள ஆய்வுக்குப் போன வீடு அவருடையது. உறவினர் எல்லாரும் இஸ்ரேல் போன பிறகும் தனியாக இருந்தார். அவருடைய அண்ணன் எலியாஸ் இளவயதில் வியாபாரத்துக்காக பஹ்ரைனுக்குக் கப்பலேறி அங்கேயே இறந்துபோனவர். யூதர்கள் கல்லறைக்குப் பூ கொண்டுபோவதில்லை. வந்து போனதற்கு அடையாளமாக ஒரு சிறு கல்லை வைத்துவிட்டு வருவார்கள். அண்ணன் கல்லறைமேல் கல் இருக்கிறதா, அவரை நினைத்து யாராவது போகிறார்களா, அது மட்டும்தான் ரேச்சல் அம்மாவுக்குத் தெரிய வேண்டும். அவர் படுத்த படுக்கையாகிவிட்டார் என்று தெரிந்தபோது நான் ஷார்ஜா முவைலாவில் மகன் வீட்டில் இருந்தேன். 2007 நவம்பர் இரண்டாம் தேதி காலை விமானத்தில் கிளம்பிவிட்டேன்.

பஹ்ரைன் தலைநகர் மனாமாவுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். மகனின் நண்பர் அனுப்பிய டிரைவர் ஆன்றனி விமான நிலையத்தில் நின்றார். கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர். வண்டி அவருக்கு விசா கொடுத்த அரபு முதலாளி, கஃபீலுடையது, நாலு மணி டூட்டிக்குள் திருப்பிவிட வேண்டுமாம். இன்று ஊரில் கல்லறைத் திருநாள், செத்தவர்களின் கல்லறையைக் கழுவி மெழுகுவத்தி ஏற்றுவார்கள் என்றார். அப்பா இறந்ததிலிருந்து ஒரு திருநாளுக்கும் லீவு கிடைக்கவில்லையாம். சொல்லிவிட்டு ரேடியோவைக் கூட்டிவைத்தார்.

யூதர் கல்லறைத் தோட்டத்துக் காவலாளி என் பாஸ்போர்ட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தார். அதற்குள் பெயரைத் தேடி வைக்கிறேன் என்று ஆன்றனி வண்டியிலிருந்து தண்ணீர்க் கேனும் ஒரு பையுமாக உள்ளே போனார். நான் போனபோது எலியாஸின் கல்லறை ஈரமாகப் பளபளத்தது. தலைமாட்டில் ஒரு மெழுகுவத்தி. மேலே ஒரு துரும்புகூட இல்லை.

"இங்கே கல் ஏதாவது கிடந்ததா தம்பி?"

"கெடந்துச்சு டீச்சர். எல்லாத்தையும் தூத்துத் தள்ளிட்டேன். எங்க அப்பாவுக்குச் செய்யதுபோல நெனச்சித்தான் கழுவினேன்."

எனக்கு வந்த கோபத்தில் வகுப்பறையில் கத்துவதுபோல் கத்திவிட்டேன். கல்லின் அர்த்தத்தைச் சொன்னதும் அவர் முகம் செத்துவிட்டது. சுவரோரம் குவிந்திருந்த சரளையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தேட ஆரம்பித்தார். எல்லாம் ஒரே மாதிரி கல். எது யார் வைத்ததோ. தானாக வந்து விழுந்த கல்லாகவும் இருக்கலாமே என்ற சந்தேகம் வேறு எனக்கு.

"தானா விழுந்ததில்ல டீச்சர்," என்றார் தலை நிமிராமல். "வரிசையா இருந்துச்சு. பிள்ளைய வெளயாண்டுருக்குன்னுதான் நெனச்சேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பொறுக்கிய கற்களை மறுபடியும் வரிசையாக வைத்தோம். கடைசியாக நான் ஒன்று வைத்தேன். ஆன்றனியும் ஒன்று வைத்துச் சிலுவை போட்டுக்கொண்டார். நான் தடுக்கவில்லை.

வண்டியிலிருந்தே கொச்சிக்குப் போன் செய்தேன். பார்த்துக்கொள்ளும் நர்ஸ் ரேச்சல் அம்மாவின் காதில் போனை வைத்தார். "வரிசையா இருந்ததும்மா. யாரோ வர்றாங்க," என்றேன்.  ரேச்சல் அம்மா மலையாளத்தில் மெதுவாகக் கேட்டார்:

"அப்போ எனக்கு யாரு வைப்பா?"

நான் வைக்கிறேன் என்றேன். எனக்கும் அறுபத்து மூன்று முடிந்துவிட்டது என்பது அவருக்குத் தெரியும்.

மனாமா போகிறவர்களுக்கு: விசாவை முன்பே எடுத்துவிடுங்கள். தோட்டம் பெரும்பாலும் பூட்டியிருக்கும், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நிழல் இல்லை, தண்ணீர் எடுத்துப் போங்கள். கல்லறைமேல் கல்லைக் கண்டால் தொடாதீர்கள்.

கொச்சிக்குத்தான் நம்மில் நிறையப் பேர் போகிறோம். அங்கே யூதர் கல்லறைத் தோட்டத்தில், வாசலிலிருந்து மூன்றாவதாக, ஜனவரியில் கட்டிய புதுக் கல்லறை ஒன்று இருக்கிறது. என் கல் ஒன்றுதான் அதன்மேல் இருக்கிறது. போனால் நீங்களும் ஒன்று வையுங்கள்.