வெயிலுமுத்து போட்ட கூறு

“மேற்படி வியாபாரத்தில் யாதொரு பற்றும் பாத்தியமும் ஆசையும் இல்லாதவரும், நடுநிலை தவறாதவரும், பிரிவினைக் காரியங்களில் அனுபவம் முதிர்ந்தவருமான தாராவி வெயிலுமுத்து அவர்கள்” என்று 1964-ஆம் வருஷத்துப் பத்திரம் ஒன்று அவரை வர்ணிக்கிறது. எழுதியவர் மாதுங்கா வக்கீல் வேங்கடசுப்ரமணியன். அந்த வரியை வாசித்துக் காட்டியபோது வெயிலுமுத்துவின் மனைவி முப்பிடாதியம்மாள், “இது யாரு, உம்ம பேருல இன்னொரு ஆளு இருக்காரா?” என்று கேட்டாள்.

கேட்டது நியாயம். ஆசை இல்லாத வெயிலுமுத்துவை அவள் கல்யாணம் ஆன நாளிலிருந்து கண்டதில்லை. தோல் பதனிடும் கம்பெனியில் வேலை முடிந்து வருகிற வழியில் எந்த வீட்டிலாவது மீன் பொரிகிற வாசம் வந்தால், அந்த வீட்டுக்காரரிடம் அவருக்கு அவசரமாகப் பேச ஒரு விஷயம் இருக்கும். ரேஷன் கடை வரிசையில் முன்னால் நிற்கிறவர் யாரோ கூப்பிட்டாற்போல் இருக்கிறதே என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தால் போதும். மறுபடி முகத்தைத் திருப்பும்போது எதிரே வெயிலுமுத்துவின் முதுகு இருக்கும். முலுண்டில் இருக்கும் மச்சினன் வீட்டுக்கு அவர் மாதம் தவறாமல் போய்வந்தார். அந்த வகையில் ரயில்வேக்குக் காலணா வரும்படி கிடையாது.

‘அனுபவம் முதிர்ந்தவர்’ என்ற ஒன்று மட்டும் மெய். ஆனால் அனுபவம் முழுவதும் ஆட்டுக்கறியில்.

கோயில் கொடை, தீபாவளி போன்ற நாட்களில் தாராவியில் திருநெல்வேலிக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து ஓர் ஆடு பிடிப்பார்கள். வெட்டுவது யாரானாலும் கூறு போடுவது வெயிலுமுத்து. சாக்கை விரித்து, கறி, எலும்பு, ஈரல், குடல் எல்லாவற்றையும் கலந்து கூறு கூறாக வைப்பார். ஓர் ஆள் சுவரைப் பார்த்து, கூறுகளுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். எதைத் தொடுவது என்று கூட்டம் காட்ட, வெயிலுமுத்து அந்தக் கூற்றைக் குச்சியால் தொட்டு, “இது யாருக்கு?” என்பார். சுவரைப் பார்த்து நிற்பவர் வாயில் வந்த பேரைச் சொல்வார். சொன்ன பேருக்குச் சொன்ன கூறு. மாற்றவும் கூடாது, கூட்டவும் கூடாது. எல்லாரும் எடுத்த பிறகு மிஞ்சுகிற கடைசிக் கூறு, கூறு போட்டவருக்கு. அவர் ஆட்டுக்குக் காசு போட்டாரா என்று யாரும் கேட்டதில்லை. போடவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

எது மிஞ்சும் என்று தெரியாத இந்த ஏற்பாடுதான் வெயிலுமுத்துவை நியாயவான் ஆக்கியது. ஒரு கூறு பெரிதாகிவிட்டால் அது அடுத்தவனுக்குப் போய்விடுமே என்ற பதைப்பில், ஓர் எலும்பை இங்கிருந்து அங்கே வைப்பார், இரண்டடி பின்னால் போய் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பார், மறுபடி குனிவார். அவருடைய அளவுகோல் வயிறு. “எந்தக் கூறு போனாலும் எனக்கு வயிறு எரியணும். எல்லாத்துக்கும் ஒரே மாதிரி எரிஞ்சா கூறு சரி” என்பார். தாராவியிலேயே பேராசை பிடித்தவர் அவர் என்பதில் எப்படிச் சந்தேகம் இல்லையோ, அதே மாதிரி அவர் போட்ட கூற்றில் குறை கண்டவரும் இல்லை.

பிரிவினைக்கு வந்த வியாபாரம் ஒரு முறுக்குக் கொட்டகை. பங்காளிகள் பூலோகமும் செல்லத்துரையும். ஆளுக்குப் பாதி. சண்டை வந்தது எண்ணெயாலும் இல்லை, மாவாலும் இல்லை; பெயர்ப்பலகையால். மழையில் எழுத்து அழிந்த பலகையைப் புதிதாக எழுதக் கொடுத்தபோது, ‘பூலோகம் செல்லத்துரை’ என்று இருந்ததை இந்தத் தடவை மாற்றிப் போட்டால் என்ன என்று செல்லத்துரை கேட்டார். மூன்று மாதம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பலகை வெறும் பலகையாகத் தொங்கியது.

பலகையில் எந்தப் பக்கத்திலும் பேர் இல்லாதவள் ஆறுமுகத்தாய். கைம்பெண். கூலிக்கு வந்து, கை முறுக்குச் சுற்றுகிறவள். மாதுங்காக் கடைக்காரர்கள் கேட்டு வாங்கியது அவள் விரல் சுற்றிய முறுக்கைத்தான். ஒரு மழைக்காலத்தில் கொட்டகை சரிந்து, மாவு நனைந்து, பழைய சட்டியும் விரிசல் விட்டு வியாபாரம் படுத்தபோது, அவள் காதிலிருந்த பாம்படத்தைக் கழற்றிக் கொடுத்தாள். அதை விற்றுத்தான் பெரிய எண்ணெய்ச்சட்டி வந்தது. “பொறவு பாத்துக்கிடலாம் தாயி, நீயும் நம்ம பங்காளிதான்” என்று இருவரும் சொன்னார்கள். பிறகு பார்க்கவில்லை. இப்போது கொட்டகை இரண்டாகப் போகிறது. இரண்டிலும் அவள் இல்லை.

வக்கீல் வீட்டில் அவள் வாசல்நிலையை ஒட்டி உட்கார்ந்திருக்க, பங்காளிகள் ஆளுக்கொரு நாற்காலியில் எதிரெதிர்த் திசையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

“பாம்படம் குடுத்தது வாஸ்தவம் சாமி” என்றார் பூலோகம். “ஆனா கேட்டு வாங்குனது செல்லத்துரை. அவன் பாதியில இருந்து குடுக்கட்டும்.”

“வாங்குனது நான்தான். அதக் கொண்டுபோயி வித்துச் சட்டி எடுத்தாந்தது யாரு? அவரு. அப்பம் அவரு பாதியிலதான போகணும்?”

இப்படி, அவளுக்குத் தர வேண்டும் என்பதில் இருவருக்கும் பூரண சம்மதம் இருந்தது. அடுத்தவர் தர வேண்டும் என்பதிலும் இருந்தது.

வக்கீல் அவளைப் பார்த்தார். “ஏம்மா, காகிதம் ஏதாவது இருக்கா?”

“காது இருக்கு சாமி” என்று அவள் முகத்தைத் திருப்பிக் காட்டினாள். தோளைத் தொடுகிற வெறுங்காது.

“காதைக் கோர்ட்டுல தாக்கல் பண்ண முடியாதும்மா.” அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “இங்கிலீஷ்காரன் ஊர்ல ஒரு காலத்துல ரெண்டு கோர்ட்டு இருந்தது. ஒண்ணு எழுதினதை மட்டும் பாக்கும். இன்னொண்ணு, எழுதினதால யார் வயிறாவது எரியறதான்னு பாக்கும்.”

“அந்த ரெண்டாவது கோர்ட்டு எங்க சாமி இருக்கு?” என்றாள் ஆறுமுகத்தாய்.

“அதை முதல் கோர்ட்டோட சேர்த்துட்டான்.”

“அப்பம் அதுவும் போச்சா?”

வக்கீல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பத்திரத்துக்குத் திரும்பினார். கோர்ட்டுக்குப் போனால் கொட்டகையே போய்விடும் என்ற பயம் இருவருக்கும் இருந்ததால், கறிக்கூறு முறையில் பிரித்துக்கொள்வது என்று முடிவாகியிருந்தது. சுவரோரம் நின்ற வெயிலுமுத்துவிடம் வக்கீல் கேட்டார்:

“கூறு போடறவருக்குக் கடைசிக் கூறுன்னேளே, அது எவ்வளவு?”

“அதுவா சாமி, ஆட்டுலன்னா குடலு இருக்கு பாத்துக்கிடும், அதக் கழுவி, ரத்தத்த வடிச்சி, மூளையத் தனியா…”

தலைமுறை தலைமுறையாகக் கத்திரிக்காயைத் தாண்டாத வம்சத்தில் வந்த வேங்கடசுப்ரமணியன் காதைப் பொத்திக்கொண்டார். “போறும், போறும்! ‘வழக்கப்படி’ன்னு எழுதிக்கறேன். மேல ஒண்ணும் சொல்லாதீங்கோ.”

அப்படியே எழுதினார். வெயிலுமுத்து கைநாட்டு வைத்தார்.

சனிக்கிழமை சாயந்தரம் ஆறுமுகத்தாய் அவர் வீட்டுக்கு வந்தாள். “அண்ணாச்சி, எனக்கு ஒரு வழி பண்ணும்.”

“பண்ணுனா எனக்கு என்ன கிடைக்கும்?”

“சட்டி மட்டும் எங்கிட்ட வந்திச்சின்னா, ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை மொத ஈடு முறுக்கு உமக்கு.”

“மொத ஈடு முழுசுமா, அதுல ரெண்டு மூணா?”

“முழுசும்.”

வெயிலுமுத்து வெகுநேரம் தாடையைத் தடவினார். முப்பிடாதியம்மாள் அடுப்படியிலிருந்து, “பத்தும் பாத்தியமும் இல்லாத மனுசன் பேரம் பேசுத அழகப் பாரு” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் கூட்டம். யாருக்கும் சொந்தமில்லாதவர், கறி தொடாதவர், சாமான் எது என்ன என்று தெரியாதவர் என்ற மூன்று தகுதிகளால் வக்கீலையே சுவரைப் பார்த்து நிற்க வைத்தார்கள். அவர் தோல் நாற்றத்துக்குக் கைக்குட்டையும், யாரும் முதுகில் இடிக்காமல் இருக்கக் குடையுமாக நின்றார். பெரிய எண்ணெய்ச்சட்டி, இரண்டு சின்னச் சட்டி, கைவண்டி, சைக்கிள், தராசு, முறுக்குப் பிழிகிற உழக்குகள், எண்ணெய் டின்கள், மாவு மூட்டை எல்லாம் வெளியே வந்தன. வாடிக்கையை எப்படிப் பிரிப்பது? ஒவ்வொரு பேட்டைக்கும் முறுக்குப் போகிற தகர டப்பா தனி. மாதுங்கா டப்பா, செம்பூர் டப்பா, பாண்டுப் டப்பா. டப்பா எந்தக் கூற்றிலோ, வாடிக்கையும் அந்தக் கூற்றில்.

வெயிலுமுத்து குனிந்தார், எழுந்தார், பின்னால் போய் ஒற்றைக் கண்ணை மூடினார். சைக்கிள் இங்கிருந்து அங்கே போயிற்று. தராசு அங்கிருந்து இங்கே வந்தது. பெரிய சட்டி ஒரு கூறு, அதோடு பாண்டுப் டப்பாவும் ஒரு டின் எண்ணெயும் ஒரு ஜல்லிக்கரண்டியும். வயிறு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி எரிந்ததும் குச்சியை எடுத்தார். பாம்படக் கதை தெரிந்த கூட்டம் சட்டி இல்லாத கூற்றைக் காட்டியது; அதைத் தொட்டார்.

“இது யாருக்கு?”

“செல்லத்துரைக்கு” என்றது குடை.

“இது யாருக்கு?”

“பூலோகத்துக்கு. அவ்வளவுதானே? திரும்பலாமா?”

“இன்னும் ஒண்ணு இருக்கு சாமி. இது யாருக்கு?”

“அந்தக் கடைசிக் கூறா? கூறு போட்டவருக்கு.”

பங்காளிகள் அப்போதுதான் எட்டிப் பார்த்தார்கள். ஓட்டைக் கரண்டி ஒன்று கிடக்கும் என்று நினைத்த இடத்தில் பெரிய எண்ணெய்ச்சட்டி மல்லாந்து கிடந்தது.

“யே க்யா லஃப்டா ஹை!” என்று செல்லத்துரை கத்தினார். கோபம் வந்தால் அவருக்கு இந்தி வரும். “என்னவே இது! ரெண்டு பேரு சொத்துல மூணு கூறு போட்டிருக்கீரு?”

“ஆட்டுல பத்துப் பேருக்குப் பதினோரு கூறு போடுதேன். என்னைக்காவது கேட்டீரா? கடைசிக் கூறும் சமக்கூறு. வழக்கம்.”

கூட்டம், “வழக்கம்தான், வழக்கம்தான்” என்றது. வக்கீல் திரும்பி, கூறுகளைப் பார்த்து, சட்டைப்பையிலிருந்து பத்திரத்தை எடுத்து வாசித்தார். “‘வழக்கப்படி’ன்னுதான் இருக்கு. அன்னிக்கே எவ்வளவுன்னு கேட்டேன். நீங்க குடல்ல ஆரம்பிச்சேள்.”

இந்த இடத்தில் பூலோகத்துக்கு ஒரு யோசனை வந்தது. “சாமி, அதே பத்திரத்துல பத்தும் பாத்தியமும் ஆசையும் இல்லாதவருன்னு எழுதியிருக்குல்லா? கைநாட்டு வச்சிருக்காருல்லா? ஆசை இல்லாதவருக்கு எதுக்கு எண்ணெய்ச்சட்டி?”

வக்கீலின் முகம் மலர்ந்தது. சொந்த வாக்கியத்தை இன்னொருவர் வாயில் கேட்கிற இன்பம் வக்கீல்களுக்கு எப்போதாவதுதான் கிடைக்கிறது. “பேஷ்! நீர் சொல்றது ரொம்ப சரி. கூறு இவர் கைக்கு வரலாம். ஆனா இவருக்குன்னு வெச்சுக்க முடியாது. இன்னொருத்தருக்காகக் கையில வாங்கி, அவாளண்ட சேர்க்கலாம். அந்த ரெண்டாவது கோர்ட்டுல இது தினம் நடந்த சங்கதி.”

“அப்பம் எங்களுக்கே திரும்பட்டும்.”

“பேர் சொன்ன கூறோட இன்னொண்ணைக் கூட்டலாமா, வெயிலுமுத்து?”

“கூடாது சாமி. ஆட்டுலயும் கிடையாது.”

“அப்போ யாருக்குன்னு நீர்தான் சொல்லணும்.”

வெயிலுமுத்து சட்டியைப் பார்த்தார். வெயில் பட்டு அது மினுங்கியது. யோசித்து வந்திருந்தார், ஆனால் யோசித்தபோது சட்டி இவ்வளவு பெரிதாக இருக்கவில்லை. பின்னாலிருந்து முப்பிடாதியம்மாள் கிசுகிசுத்தாள்: “எம் பேரச் சொல்லும்வே. நான் ஒண்ணும் கைநாட்டு வைக்கல்லியே.” சட்டப்படி அதில் பிழை இல்லை. முலுண்டு மச்சினன் பேரும் நினைவுக்கு வந்தது. கூட்டத்தின் ஓரத்தில் ஆறுமுகத்தாய் நின்றாள். காற்றில் காது மட்டும் ஆடியது.

அவர் குச்சியை மனைவி கையில் கொடுத்தார். போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். சட்டியைப் பார்த்துக்கொண்டே அந்தப் பேரைச் சொல்ல அவரால் முடிந்திருக்காது.

“கேளுட்டி” என்றார் சுவரிடம்.

முப்பிடாதியம்மாள் அவர் முதுகை முறைத்தாள். கூட்டம் அவளை முறைத்தது. குச்சி சட்டியில் ணங்கென்று பட்டது. “இது யாருக்கு?”

“ஆறுமுகத்தாய்க்கு.”

 பங்காளிகள் இருவரும் மனத்துக்குள் கணக்குப் போட்டார்கள். போட்டு முடித்ததும் செல்லத்துரையின் முகம் தெளிந்தது. “ஆகட்டும். எம் பாதியில இருந்து ஒண்ணும் போகல்ல.”

“எம் பாதியில இருந்தும் போகல்லடே” என்றார் பூலோகம். மூன்று மாதத்தில் அவர்கள் நேருக்கு நேர் பேசிக்கொண்டது அதுதான். அடுத்தவன்தான் ஏமாந்தான் என்ற திருப்தியில் இருவருமே நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள்.

வெயிலுமுத்து செய்தது இவ்வளவுதான்: இருவருக்கு என்று எழுதப்பட்ட சாமான்களை மூன்று சமக்கூறாகப் போட்டார், மூன்றாவதைத் தன் தலையில் சுமந்துபோய் ஆறுமுகத்தாயின் வாசலில் இறக்கினார், அதிலிருந்து ஒரு ஜல்லிக்கரண்டியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.