ஆறாவது பெயர்

அரசாங்கம் குறைந்தபட்சக் கூலியை உயர்த்தியிருந்தது. அந்த அறிவிப்பை வேலையாட்கள் கண்ணில் படும்படி ஒட்டவேண்டும் என்பது சட்டம். லாண்டரிக்காரி அவளே பசை தடவி, இஸ்திரி மேசைக்கு மேலே ஒட்டினாள். சத்தம்போட்டு வாசித்தும் காட்டினாள். ஐந்து பேர் வரை இருக்கிற கடைக்குப் புதுக்கூலி அடுத்த வருஷம்தான். ஆறு பேர் இருந்தால் இந்த மாதமே.

"நாமதான் அஞ்சு பேராச்சே. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றாள். துவைக்கிற இரண்டு பேர், இஸ்திரி போடுகிற இரண்டு பேர், மடிக்கிற அக்கா. எண்ணிப் பார்த்துத்தான் சொன்னாள், பாவம்.

மறுநாள் தொழிலாளர் துறை அதிகாரி வந்து பதிவேட்டைப் புரட்டினார். "ஆறு பேர் இருக்காங்களேம்மா. இந்த மாசமே குடுத்தாகணும். ஆறாவது ஆள் எங்க?"

"லீவு சார்" என்றது அவள் வாய்.

ஆறாவது ஆள் அவளுடைய ஓரகத்தி, கணவனின் தம்பி மனைவி. அந்த மகராசி கடைப்பக்கம் வந்து ஒரு கைக்குட்டையைக்கூட நனைத்ததில்லை. மூன்று வருஷம் முன்னால், ஆறு பேருக்கு வேலை கொடுக்கிற கடைக்குத்தான் மெஷின் வாங்கக் கடன் என்று வங்கி சொன்னபோது, "உன் பேரு சும்மாதானே இருக்கு, குடேன்" என்று கேட்டு வாங்கி எழுதியது. மெஷின் வந்தது. பெயரை அடிக்க மறந்தே போனாள். எங்கே நினைவிருக்கும்? விடிந்தால் விடுதிகளின் போர்வை மூட்டை வாசலில் வந்து விழுகிற பிழைப்பு.

அதிகாரி சொன்னதைக் கேட்டு ஐந்து பேரும் கைதட்டினார்கள். மடிக்கிற அக்கா அவள் கன்னத்தைத் தடவி, "நீ நல்லா இருக்கணும்மா" என்றாள். லாண்டரிக்காரி சிரித்துத் தொலைத்தாள்.

அடுத்த நாள் ஆபீசுக்கே போய்க் கெஞ்சினாள். "அந்தப் பேரு தப்பா ஏறிடுச்சு சார்."

"ஒண்ணாந்தேதி பதிவேட்டுல எத்தனை பேரோ, வருஷம் பூரா அதான் கணக்கு. தப்புன்னா எழுதிக் குடுங்க. வங்கிக்கும் ஒரு நகல் போகும்."

நகல் வங்கிக்குப் போனால் மெஷின் போகும். மெஷின் போனால் கடையே இல்லை. எழுதிக் கொடுக்காமலே திரும்பினாள். விடுதிக்காரரிடம் போர்வைக்குக் கொஞ்சம் கூட்டிக் கேட்டாள். "வேற லாண்டரியா இல்ல?" என்றார் அவர், முகத்தைக்கூட நிமிர்த்தாமல். உட்கார்ந்து கூட்டிக் கழித்துப் பார்த்தாள். புதுக்கூலியை நாலு பேருக்குக் கொடுக்கலாம். ஐந்தாவது ஆளுக்கு வழியே இல்லை. அவளுக்கென்று மிஞ்சுவது ஏற்கெனவே இஸ்திரிக்காரன் கூலியைவிடக் குறைவு. முதலாளிக்குக் குறைந்தபட்சம் என்று எந்தச் சட்டம் சொல்கிறது!

யாரை அனுப்புவது? மனசு அடித்துக்கொண்டது. பதினொரு வருஷமாகக் கூட இருக்கிறவள் மடிக்கிற அக்காதான். ஆனால் அக்காவுக்குப் பார்வை மங்கிவிட்டது. கறையோடு மடித்து வைத்து, இந்த மாதம் மட்டும் இரண்டு தடவை விடுதியிலிருந்து மூட்டை திரும்பி வந்தது. அதைச் சொல்லித்தான் அனுப்ப வேண்டும், சொல்ல வேறு காரணம் இல்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். முகம் கழுவிக்கொண்டு கடைக்குப் போனாள். இரண்டு தடவை அக்கா மடிக்கிற இடம்வரை போய், சொல்லாமலே திரும்பினாள்.

மதியச் சாப்பாட்டுக்குப் போன அக்கா கொஞ்சம் தாமதமாக, மூச்சு வாங்க வந்தாள். மூக்கின்மேல் புத்தம்புதுக் கண்ணாடி.

"புதுக்கூலி வருதே, அந்தத் தைரியத்துல கடனுக்கு வாங்கிட்டேன். இனி ஒரு பொட்டுக் கறை தப்பாது, பாரு!" மேலே இருந்த போர்வையைப் பிரித்து, மூலையில் கிடந்த தேநீர்க் கறையைக் கண்டுபிடித்து, ஜெயித்தவள்போல் தூக்கிக் காட்டினாள். "மூட்டை திரும்பி வந்தப்ப நீ ஒரு வார்த்தை திட்டலியே. எனக்குத்தான் ராத்திரியெல்லாம் உறுத்துச்சு."

லாண்டரிக்காரிக்கு இருந்த ஒரே காரணமும் போயிற்று. கணக்கு மட்டும் அப்படியே இருந்தது.

அக்கா போர்வையை வைத்துவிட்டுக் கிட்டே வந்து உற்றுப் பார்த்தாள். "ஏம்மா, கண்ணு இப்படி வீங்கியிருக்கு? அழுதியா? எத்தனை நாளா இப்படி? எனக்குத் தெரியவே இல்லியே."

"உக்காருக்கா" என்றாள் லாண்டரிக்காரி. அக்கா உட்காரவில்லை.