அறுபது அடிக் கம்பி

கையில் எஃகுக் கம்பியைப் பிடித்துச் சுழற்றும் சிறு மாதிரி விமானத்தை, மின்கம்பி அருகே பறக்கவிடக் கூடாது என்பது விதி. தில்லி ஆர்.கே.புரத்தில் எங்கள் பூங்காவின் மேலே புதிதாக மின்கம்பி இழுத்தவர்களுக்கு அது தெரியாது. எதிர்வீட்டுக்காரருக்குத் தெரியும். பழைய வரைபடங்களைப் பார்த்து விமானம் செய்பவர், விரலெல்லாம் பசை.

"கம்பி நீளத்தைக் குறைச்சா என்ன?" என்றேன்.

"பிளான்ல அறுபது அடி போட்டிருக்கு சார். ஒரு அடி குறைக்க மாட்டேன்."

மின்கம்பியை மாற்றச் சொல்லி மனு அனுப்பி, நகலை அவரிடம் கொடுத்தேன்.

"அச்சா! சார் எழுதியாச்சுன்னா வேலை முடிஞ்ச மாதிரி."

மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வரைபடத்தைப் போலவே என் மனுவையும் நம்பியிருக்கிறார். அந்த ஞாயிறு, விமானத்தின் கம்பி மேலே மின்கம்பியில் உரசி அவர் விழுந்தபோதும் நகல் பையில் இருந்தது.

மின்கம்பியை அகற்ற ஒப்புதல் வந்தது, அவருடைய பதினாறாம் நாளன்று.